ஒரு, ஓர், உன், ஊனோ

ஊரிலிருந்து வரும் மடல்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "இத்தாலிக்கு வேலைக்கு வரப்போகிறேன். இத்தாலியன் படிப்பதற்கு முன்னால் இங்கிலீஷ் கிராமரைச் சரிசெய்துகொள்ள வேண்டுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் எங்கள் திருவனந்தபுரத்துக்காரர்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் நெய்யாற்றின்கரை, பாறசாலை, நாகர்கோவில். நர்ஸ் வேலைக்கு வருபவர்கள், கன்னியர் மடங்களுக்கு வருபவர்கள், என்னைப் போல கம்ப்யூட்டர் தட்ட வருபவர்கள்.

என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். வீட்டில் பேசும் தமிழும் தெருவில் பேசும் மலையாளமும் போதும். ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் சரித்திரமும் சேர்த்து, ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று இந்தப் பதிவில் எழுதிப் பார்க்கிறேன். இங்கிலீஷில் 'எ', 'ஆன்' என்று மனப்பாடம் செய்தோமே, அந்த ஆர்ட்டிகிள்தான் அது. இத்தாலியனில் இதற்கு நாலு வடிவம். முதல் வாரத்திலேயே ஆட்களைப் பயமுறுத்துவது இதுதான்.

பயப்படக் காரணமும் இருக்கிறது. ஐந்து வருடம் சட்டப்படி தங்கிய வெளிநாட்டார் நீண்டகால வசிப்பு அனுமதி கேட்டால், 2010 டிசம்பர் முதல் ஏ-2 அளவு இத்தாலியன் தெரியும் என்று காட்டவேண்டும். குடியுரிமை கேட்பவர்களுக்கு 2018 முதல் பி-1. விலக்குகள் உண்டு என்றாலும் நம்மவர்களில் பெரும்பாலோர் தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும். "எனக்கு இங்கிலீஷே வராது, இத்தாலியன் எங்கே வரப்போகிறது" என்று வகுப்புக்கே வராமல் நின்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும். மொழி கஷ்டம் என்பதற்காக அவர்கள் நிற்கவில்லை. வாசலைத் தவறான பக்கத்தில் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. 'ரெக்ஸ்' என்றால் ஒரு ராஜா, அந்த ராஜா, வெறும் ராஜா, எல்லாம்தான். இடம் பார்த்துப் புரிந்துகொள்ளவேண்டும். 'ஊனுஸ்' என்றால் ஒன்று, அது எண். லத்தீன் பேச்சு வழக்கில் மாறி மாறி இத்தாலியனாகவும் ஸ்பானிஷாகவும் பிரெஞ்சாகவும் பிரிந்தபோது, இந்த எண் எண்ணிக்கை வேலையோடு இன்னொரு வேலையையும் எடுத்துக்கொண்டது. கேட்பவருக்கு இன்னும் அறிமுகமாகாத ஓர் ஆளையோ பொருளையோ பேச்சுக்குள் கொண்டுவருகிற வேலை. அதேபோல 'அந்த' என்று சுட்டுகிற 'இல்லே' என்ற சொல் தேய்ந்து 'இல்', 'லோ', 'லா' ஆனது.

நம்மூரிலும் இதே கதைதான். 'ஒன்று' எண். பெயருக்கு முன்னால் வந்தால் 'ஒரு'. பாட்டி கதை சொல்லும்போது "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று ஆரம்பிக்கிறாளே, அங்கே அவள் ராஜாக்களை எண்ணவில்லை. ராஜாவை நமக்கு அறிமுகம் செய்கிறாள். அடுத்த வரியில் அவர் "அந்த ராஜா" ஆகிவிடுவார். இத்தாலியப் பாட்டிகள் "செரா ஊனா வோல்தா உன் ரே" என்று ஆரம்பிக்கிறார்கள். 'ஊனா வோல்தா' என்றால் ஒரு தடவை, 'உன் ரே' என்றால் ஒரு ராஜா. அடுத்த வரியில் 'இல் ரே', அந்த ராஜா. நமக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒன்று என்ற எண்ணை இரண்டு பேரும் ஒரே வேலைக்கு அனுப்பியிருக்கிறோம்.

இப்போது அந்த நாலு வடிவம்.

ஆண்பால் பெயருக்கு முன்னால் 'உன்'. உன் லீப்ரோ, ஒரு புத்தகம். உன் அமீக்கோ, ஒரு நண்பன். (தமிழ்க் கண்ணுக்கு இது 'உன் புத்தகம், உன் நண்பன்' என்று படும். முதல் மாதம் முழுக்க எனக்குச் சிரிப்புதான் :-))

அதே ஆண்பால் பெயர் 'ஸ்' என்ற ஒலியோடு இன்னொரு மெய் சேர்ந்து தொடங்கினாலோ, 'த்ஸ', 'ப்ஸ' போன்ற ஒலிகளில் தொடங்கினாலோ 'ஊனோ'. ஊனோ ஸ்துதென்தே, ஒரு மாணவன். ஊனோ த்ஸீயோ, ஒரு மாமா அல்லது சித்தப்பா. ஊனோ ப்ஸிக்கோலகோ, ஒரு மனநல நிபுணர்.

பெண்பால் பெயருக்கு 'ஊனா'. ஊனா காஸா, ஒரு வீடு. ஊனா ஸ்துதென்தெஸ்ஸா, ஒரு மாணவி. பெண்பாலில் அந்த 'ஸ்' தகராறு இல்லை, கவனியுங்கள்.

பெண்பால் பெயர் உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஊனா'வின் கடைசி 'ஆ' உதிர்ந்து 'உன்' ஆகும். எழுதும்போது மேலே ஒரு கொம்புக்குறி வரும். உன்'அமீக்கா, ஒரு தோழி.

இதைப் பார்த்ததும் எந்த மலையாளிக்கும் மண்டைக்குள் மணி அடிக்கவேண்டும். 'ஒரு'வும் 'ஆள்'ளும் சேர்ந்தால் மலையாளத்தில் என்ன? 'ஒராள்'. 'ஒரு'வும் 'இடத்து'ம் சேர்ந்தால்? 'ஒரிடத்து'. அங்கே கதையே "ஒரிடத்தொரிடத்து" என்றுதானே ஆரம்பம்! உயிரெழுத்து எதிரே வந்ததும் 'ஒரு'வின் உகரம் உதிர்ந்துவிடுகிறது. 'ஊனா அமீக்கா' என்பது 'உன்'அமீக்கா' ஆவதும் இதுவேதான். ஒரே வித்தியாசம், இத்தாலியர்கள் உதிர்ந்த எழுத்துக்கு ஒரு குறி நட்டுவைக்கிறார்கள்.

தமிழில் இன்னும் ஒரு படி. உகரம் உதிர்வதோடு முதலெழுத்தும் நீளும். ஓர் ஆள், ஓரிடம். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம், குற்றியலுகரப் புணரியலில், இதற்குச் சூத்திரமே உண்டு. ஒன்று, இரண்டு ஆகிய முதல் இரு எண்களுக்கும் அது பொதுவான விதி. அதனால்தான் ஓராயிரம், ஈராயிரம். பேச்சில் யாரும் இதைப் பார்ப்பதில்லை. பாட்டியின் "ஒரு ஊர்ல" இலக்கணப்படி 'ஓர் ஊரில்'. தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழித்திருப்பாரே, நினைவிருக்கிறதா?

ஆக, அடுத்து வரும் சொல்லின் முதல் ஒலியைப் பார்த்து முந்தைய 'ஒரு' உருமாறும் என்பது நமக்குப் புதிய சங்கதியே இல்லை.

அப்படியானால் அந்த 'ஊனோ' ஏன்? 'உன் ஸ்துதென்தே' என்று சொல்லிப் பாருங்கள். ன், ஸ், த் என்று மூன்று மெய் ஒட்டிக்கொண்டு நாக்கு தடுக்கும். நடுவில் ஓர் உயிர் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். நம்மவர்களும் இதே தடுக்கலுக்கு மருந்து வைத்திருக்கிறார்கள்: ஸ்கூல் 'இஸ்கூல்' ஆவதும், ஸ்டேஷன் 'இஸ்டேஷன்' ஆவதும் அதுதானே. பட்டணத்தில் படித்தவர்கள் அதைக் கேட்டுக் கேலி செய்வார்கள். கேலி செய்பவர்களுக்கு ஒரு தகவல்: இத்தாலியனிலும் முன்பு அப்படியே ஓர் இகரம் சேர்த்தார்கள். 'எழுத்து மூலமாக' என்பதற்கு இன்றும் அலுவலகங்களில் 'பெர் இஸ்க்ரீத்தோ' என்றுதான் எழுதுகிறார்கள். அந்தச் சொல் தனியாக வந்தால் 'ஸ்க்ரீத்தோ'. முன்னால் இருக்கும் 'இ' நம் இஸ்கூலின் 'இ'யேதான்.

இனி சரித்திரத்துக்கு. இந்த 'ஒரு', 'ஓர்' விவகாரத்தில் ஓர் இத்தாலியர் நேரடியாகவே சம்பந்தப்பட்டிருக்கிறார்.

நான் இருக்கும் மிலானிலிருந்து காரில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் போனால் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊர். 1680ல் அங்கே பிறந்தவர் கொன்ஸ்தான்த்ஸோ ஜுசெப்பே பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர். தேம்பாவணியும் சதுரகராதியும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் காலத்துக்கு முன்பு ஒகரக் குறிலையும் நெடிலையும் எழுத்தில் பிரிப்பதற்குப் புள்ளிதான் வழி. குறிலுக்குப் புள்ளி, நெடிலுக்குப் புள்ளி இல்லை என்பது தொல்காப்பிய மரபு. ஆனால் ஓலையில் எழுதுபவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே ஒ, ஓ இரண்டும் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தன. எ, ஏ இரண்டும் அப்படித்தான். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளவேண்டும், லத்தீன் 'ரெக்ஸ்' போல.

வீரமாமுனிவர் இதைத் தலைகீழாக்கினார். குறிலைச் சும்மா விட்டுவிட்டு நெடிலுக்கு அடையாளம் கொடுத்தார். ஓகாரத்தின் அடியில் சுழியும், ஏகாரத்துக்குக் கீழே இழுப்பும், கொம்பில் இரட்டைச் சுழியும் வந்தது அவர் செய்த மாற்றத்தால் என்றுதான் நம் இலக்கிய வரலாறு சொல்கிறது. இன்று 'ஒரு' என்றும் 'ஓர்' என்றும் குழப்பமில்லாமல் எழுத முடிகிறதென்றால், அந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குத் தெரியவைத்ததில் 'உன்', 'ஊனோ' பேசி வளர்ந்த ஒருவருக்குப் பங்கு உண்டு.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பேச்சுத் தமிழுக்கு அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை எந்த மொழியில் எழுதினார்? தாய்மொழி இத்தாலியனில் அல்ல, லத்தீனில். ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து வரும் பாதிரிமார்களுக்குப் பொதுமொழி அதுதான் என்பது முதல் காரணம். (1738ல் தரங்கம்பாடியில் இதை அச்சிட்டது லுத்தரன் மிஷன் அச்சகம். கத்தோலிக்க ஜெஸுவிட் எழுதிய புத்தகம்! சண்டைக்கு நடுவிலும் இலக்கணம் தேவைப்பட்டிருக்கிறது.) ஆனால் லத்தீனால் இன்னொரு வசதியும் இருந்தது. லத்தீனில் வேற்றுமை உருபு உண்டு, தமிழிலும் உண்டு. லத்தீனில் ஆர்ட்டிகிள் இல்லை; தமிழிலும் கட்டாய ஆர்ட்டிகிள் இல்லை. இத்தாலியனில் வேற்றுமை உருபு அழிந்துபோய் ஆர்ட்டிகிள் வந்துவிட்டது. தமிழுக்குப் போக இத்தாலியனைவிட லத்தீன் நல்ல பாலம்.

கேரளப் பக்கமும் இப்படித்தான். வராப்புழையை மையமாக வைத்து வேலை செய்த கார்மலைட் துறவிகளில் ஆஞ்செலோ பிரான்சிஸ் என்ற இத்தாலியர் 1712ல் மலையாளத்துக்கு இலக்கணம் எழுதினார். இன்னோர் இத்தாலியரான கிளெமென்ட் பியானியுஸ், மலையாள எழுத்துகளை விளக்கும் லத்தீன் நூலையும், முழுக்க மலையாளத்தில் அச்சான முதல் புத்தகமான சம்க்ஷேபவேதார்த்தத்தையும் 1772ல் ரோமில் வெளியிட்டார். அடுத்து வந்த பவுலினோஸ் பாதிரியார் ஆஸ்திரியாவில் பிறந்தவர். 1776 முதல் 1789 வரை கேரளத்தில் இருந்தார். ஐரோப்பாவில் அச்சேறிய முதல் சமஸ்கிருத இலக்கணம் அவருடையது, 1790, ரோம். 1796ல் இத்தாலியனில் எழுதிய பயண நூலில் திருவிதாங்கூர் மன்னரைச் சந்தித்ததையும் சொல்கிறார்.

இவர்கள் வந்தது மதம் பரப்ப. நாம் போவது சம்பளத்துக்கு. தேவை இருப்பவன் அடுத்தவன் மொழியைக் கற்கிறான், இதில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. ஆனால் எந்தப் பாலத்தில் ஏறுவது என்பதை அவர்கள் தங்கள் வசதி பார்த்து முடிவு செய்தார்கள். நாம் மட்டும் ஏன் எங்கே போவதானாலும் இங்கிலீஷ் பாலத்தில் டோல் கட்டிவிட்டுப் போகவேண்டும்?

திருவனந்தபுரத்துக்காரனுக்கு இது இன்னும் பொருந்தும். மொழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் ஊரில் பண்டிதர்கள் வேலை மட்டுமல்ல. சாலைக் கடைத்தெருவில் மளிகை வாங்கப் போனாலே அது நடந்துவிடும். கடைக்காரர் தமிழில் கணக்குப் போட்டு மலையாளத்தில் விலை சொல்வார். வலியசாலை, கரமனை தெருக்களில் அக்கிரகாரத் தமிழ் இன்றும் கேட்கும். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவனந்தபுரத்தோடு ஒரே ராஜ்யத்தில் இருந்தன. எல்லை பிரிந்தாலும் ஆட்கள் பிரியவில்லை.

பண்டிதர்களுக்கும் குறைவில்லை. கேரள பாணினி என்று பெயர் பெற்ற ஏ.ஆர்.ராஜராஜ வர்மா, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிப் பேராசிரியர். தமிழிலிருந்து மலையாளம் விலகியதற்கு ஆறு நியதிகளைத் தன் கேரளபாணினீயத்தில் சொன்னார். முதல் பதிப்பு 1896, திருத்திய பதிப்பு 1917. பிறகு நாகர்கோவில் வடசேரிக்காரரான வ.அய்.சுப்பிரமணியம், கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்தார். புறநானூற்றுக்கு இலக்கணக் குறிப்புகளோடு அவர் தயாரித்த சொல்லடைவு 1962ல் திருவனந்தபுரத்தில்தான் வெளியானது. 1971ல் திராவிட மொழியியல் கழகம், அப்புறம் 1981ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இவ்வளவு முதல் கையில் இருக்க, நாங்கள் இத்தாலியனுக்கு இங்கிலீஷ் கடன் வாங்குகிறோம்.

எங்கள் மாலை வகுப்பில் நெய்யாற்றின்கரைச் சேச்சி ஒருவர் இருந்தார். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஐம்பதை நெருங்கிய வயது. இரண்டாவது வாரம் என்னிடம், "மோனே, ஈ பிராயத்தில் ஞான் இனி இங்கிலீஷும் படிக்கணோ?" என்றார். பாடப்புத்தகத்தில் விளக்கமெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. "வேண்டா சேச்சி, 'ஒராள்' என்னு பறயில்லே? அது மதி" என்று சொல்லி மேலே எழுதியதைத்தான் சொன்னேன். அடுத்த அரை மணி நேரத்தில் அவரே எனக்குப் பாடம் எடுத்தார்.

'தாரே உன்'ஒக்கியாத்தா' என்று ஒரு வழக்கு இத்தாலியனில் உண்டு. ஒரு பார்வை கொடுப்பது, அதாவது சும்மா ஒரு நோட்டம் விடுவது. சேச்சி உடனே, "அது நம்முடெ 'ஒன்னு நோக்கட்டே' அல்லே?" என்றார். அதேதான்! மலையாளத்தில் 'ஒன்னு' சேர்த்தால் கேட்பது மென்மையாகிவிடும். 'ஊனா தெச்சீனா' என்றால் சுமார் பத்து. "ஒரு பத்துப் பேர் வந்தாங்க" என்கிறோமே, அந்த 'ஒரு'. பத்தை யாரும் ஒன்று என்று எண்ணுவதில்லை. அங்கே 'ஒரு' என்றால் 'ஏறத்தாழ'. இதையெல்லாம் இங்கிலீஷ் வழியாக விளக்கப் போனால் ஒரு பக்கம் ஆகும்.

அதைவிட, இங்கிலீஷ் தப்பாக வழிகாட்டும் இடங்களே உண்டு. இங்கிலீஷில் நூறுக்கும் ஆயிரத்துக்கும் முன்னால் 'எ' போடவேண்டும். இத்தாலியனில் வெறும் 'சென்தோ', வெறும் 'மில்லே'. தமிழிலும் வெறும் நூறு, வெறும் ஆயிரம். அரை மணி நேரம் 'மெத்ஸோரா'. நடுவில் ஆர்ட்டிகிள் இல்லை, தமிழ் மாதிரியே. தலைவலி என்று டாக்டரிடம் சொல்ல 'ஓ மால் தி தெஸ்தா'. அங்கேயும் இல்லை. தொழில் சொல்லும்போது 'ஸோனோ இன்ஃபெர்மியேரா', நான் நர்ஸ். அவ்வளவுதான். "நான் ஒரு நர்ஸ்" என்று சொன்னால் நம் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களே, "அது இங்கிலீஷ் தமிழ்" என்று. இத்தாலியன் அந்தப் பெரியவர்கள் கட்சி. 'நல்ல நர்ஸ்' என்று அடைமொழி சேர்த்தால் மட்டும் ஆர்ட்டிகிள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம் மொழிகள் கைகொடுக்காத இடத்தையும் சொல்லிவிடவேண்டும். பால். தமிழில் மேசையும் நாற்காலியும் அஃறிணை, தீர்ந்தது கதை. இத்தாலியனில் ஒவ்வொரு பொருளும் ஆண் அல்லது பெண். புத்தகம் ஆண், வீடு பெண். மலையாளிக்கு இது இன்னும் கஷ்டம். வந்தான், வந்தாள் என்ற வேறுபாடுகூட மலையாளத்தில் போய்விட்டது, எல்லாம் 'வன்னு'. ராஜராஜ வர்மா சொன்ன ஆறு நியதிகளில் அதுவும் ஒன்று. இதற்குக் குறுக்குவழி இல்லை. புதுச் சொல் படிக்கும்போதே 'உன்', 'ஊனா' சேர்த்தே படியுங்கள். 'லீப்ரோ' என்று படிக்காதீர்கள், 'உன் லீப்ரோ' என்று படியுங்கள். பால் தானாகக் கூடவே வரும்.

தேர்வில் மாட்டுவது பெரும்பாலும் அந்தக் கொம்புக்குறிதான். 'அர்த்தீஸ்தா' என்றால் கலைஞர், ஆணும் அதே சொல், பெண்ணும் அதே சொல். குறி இல்லாமல் 'உன் அர்த்தீஸ்தா' என்று எழுதினால் ஆண். குறியோடு 'உன்'அர்த்தீஸ்தா' என்றால் பெண். காதுக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசம் முழுக்க அந்தச் சின்னக் கீறலில் இருக்கிறது. ஒகரத்தின் அடியில் போட்ட சுழி போலத்தான். 'உன் அமீக்கோ'வுக்குக் குறி கிடையாது, ஏனென்றால் ஆண்பாலில் 'உன்' என்பதே தனி வடிவம். அங்கே எதுவும் உதிரவில்லை. பெண்பாலில் ஓர் 'ஆ' உதிர்ந்திருக்கிறது, அதற்குத்தான் குறி.

சேச்சி மறு வருடம் ஏ-2 தேர்வு எழுதினார். பாஸ். ஆர்ட்டிகிள் கேள்விகளில் 'ஒராள்' சொல்லிப் பார்த்துத்தான் குறி போட்டாராம்.

வரப்போகிறவர்களுக்கு வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கும் இருபது சாமான்களுக்கு இத்தாலியப் பெயர் தேடி, ஒவ்வொன்றின் முன்னாலும் சரியான 'ஒரு'வைப் போட்டு எனக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன். அடுத்த பதிவில் 'இல்', 'லோ', 'லா'. அதற்கு நம் 'அந்த' எவ்வளவு தூரம் வரும் என்று பார்ப்போம்.